வளவு வீட்டுக் கணினி: பராமரிப்பு வேலையும் அதற்கேற்ற பாட்காஸ்ட் கேட்பும்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளவு (நடுமுற்றம்) வைத்த பெரிய வீடு ஒன்றின் மேசைக் கணினிக்குச் செய்த முழுப் பராமரிப்பின் பதிவு இது. இண்டெல் ஐ5-6400 பிராசசர், எச்110 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பக்கத்தில் 600 விஏ யுபிஎஸ். ஆச்சி வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோவில் பேசுவதும், நகரத்தார் கோயிலின் புள்ளிக் (குடும்பக்) கணக்கும், பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து சேர்ப்பதும்தான் இதன் வேலை. வீடு ஆண்டில் பாதி நாள் பூட்டியிருக்கும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், திருவிழா என்றால் திறக்கும்.

வந்த புகார் ஐந்து. வீடியோ அழைப்பு பத்து நிமிடம் தாண்டினால் படம் திக்குகிறது, ஃபேன் இரைகிறது. வீட்டைத் திறந்து முதல் முறை கணினியைப் போடும்போது தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கிறது. இணையதளங்கள் பாதிக்கு மேல் திறக்க மறுக்கின்றன. கரண்ட் போன நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைகிறது. கேபினெட்டைத் தொட்டால் விரல் நுனியில் ஜிவ்வென்று இழுக்கிறது.

இந்தப் பக்கத்து வீடுகளில் இவை ஐந்தும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். செம்மண் புழுதி, பழைய சுவரிலிருந்தும் மச்சிலிருந்தும் உதிரும் சுண்ணாம்புப் பொடி, விளக்கு எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் கலந்து, பிராசசரின் சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்கில் படியும். வெறும் புழுதியை ஊதினால் போய்விடும். எண்ணெய்ப் புகையோடு சேர்ந்த புழுதி கம்பளம்போல் ஒட்டிக்கொள்ளும். அதோடு மெயின் சுவிட்சை அணைத்து மாதக்கணக்கில் பூட்டி வைப்பதால் மதர்போர்டில் ஒன்றும் யுபிஎஸ்ஸில் ஒன்றுமாக இருக்கும் இரண்டு பேட்டரிகளும் செத்துப்போகின்றன. பழைய வயரிங்கில் எர்த் இல்லை.

வேலை மொத்தம் அரை நாள் பிடிக்கும். அதில் கவனம் முழுதாய்த் தேவைப்படுவது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மீதி எல்லாம் துடைப்பது, ஊதுவது, காயவிடுவது, நகல் ஓடி முடியக் காத்திருப்பது. பராமரிப்பைப் பலரும் தள்ளிப்போடுவதற்குச் சலிப்புதான் காரணம். இணையத்திலிருந்து இறக்கிக் கேட்கும் பேச்சு நிகழ்ச்சியான பாட்காஸ்ட் அந்தச் சலிப்புக்கு நல்ல மருந்து. அது கண்ணையும் கையையும் கேட்பதில்லை. ஆனால் கணினிப் பழுதில் காதுதான் முதல் கருவி. அந்தக் காதை எப்போது பேச்சுக்குக் கொடுக்கலாம், எப்போது இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் வேலையின் பகுதியாகவே இங்கே சொல்கிறோம்.

வேலைக்கு முன் போனில் செய்ய வேண்டியது

கையில் (பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வைக்கும் வெப்பம் கடத்தும்) பேஸ்ட்டும் புழுதியும் ஒட்டிய பிறகு போனைத் தொட முடியாது. அதனால் கேட்கப்போகிற பகுதிகளை முன்னாலேயே இறக்கி, வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் இலவசம், விளம்பரமில்லாதது. வரிசை, வேகம், தானாக இறக்குதல் எல்லாம் அதில் உண்டு. கணினியில் இறக்கி எடுத்துப்போவதானால் ஜிபாடர்.

வீட்டுக்குள் நேரலையாகக் கேட்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய தடித்த சுவர் இரண்டைத் தாண்டினாலே வைஃபை சிக்னல் படுத்துவிடும். முகப்பில் ரவுட்டர் இருந்தால் இரண்டாங்கட்டில் ஒன்றும் கிடைக்காது. இறக்கி வைப்பதற்கு இடமும் அதிகம் வேண்டாம். பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சி 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3யாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி. 128 கேபிபிஎஸ் ஆனால் 58 எம்பி. அரை நாளுக்குத் தேவையானதெல்லாம் 300 எம்பிக்குள் அடங்கும்.

இப்படி இறக்கி வைத்துக்கொள்ள முடிவதே பாட்காஸ்ட்டின் பெரிய பலம். 2000ஆம் ஆண்டின் கடைசியில் மென்பொருள் உருவாக்குநர் டேவ் வைனர், புதிய வெளியீடுகளைச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடைக்குள் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்பும் வசதியை வைத்தார். இன்றும் அடிப்படை அதுதான். நிகழ்ச்சியின் ஓடை முகவரி கையில் இருந்தால் எந்தச் செயலியிலும் போட்டுக் கேட்கலாம். கோப்பு நம் போனுக்கே வந்துவிடும். ஒரே ஒரு செயலிக்குள் மட்டும் பூட்டிக் கிடக்கும் நிகழ்ச்சிகளில் இந்த வசதி கிடைக்காது. அவற்றை இந்த மாதிரி வேலைக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது.

ஒலியைக் கேட்கும் வழி பற்றியும் ஒரு வார்த்தை. வளவைச் சுற்றிய பத்தியில் கல் தூணும் ஆத்தங்குடி ஓடு பதித்த தரையும் உயரமான கூரையும் சேர்ந்து எதிரொலி கொடுக்கும். அங்கே ஸ்பீக்கரை உயரத்தில் வைத்தால் பேச்சு கலங்கிக் கேட்கும். கைக்கு இரண்டடிக்குள் சிறிய ஸ்பீக்கரை வைத்து ஒலியைக் குறைத்துக்கொண்டால் தெளிவு வரும். காதில் மாட்டுவதானால் ஒரு காதில் மட்டும். ஒயர் உள்ள இயர்போன் வேண்டவே வேண்டாம். குனியும்போது ஓடுகிற ஃபேனுக்குள் போய்ச் சிக்கும். கழுத்தில் தொங்கும் நெக்பேண்டின் நுனிக் காந்தம் மதர்போர்டுக்கு மேல் திருகாணியை இழுத்துத் தூக்கி, பிறகு எங்காவது போட்டுவிடும். அதையும் கழற்றி வைக்க வேண்டும்.

முதலில் கணினியைக் கேட்பது

இந்தக் கட்டத்தில் பாட்காஸ்ட் இல்லை. மேலே சுற்றும் மின்விசிறியும் இல்லை. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டுக் கணினியைப் போட வேண்டும். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு ஃபேனுக்கும் டிஸ்க்குக்கும் அருகே கொண்டுபோனால் ஓசை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

சீராக, உரக்க, காற்று இரைவதுபோல் கேட்டால் ஃபேன் நல்ல நிலையில்தான் இருக்கிறது. வெப்பம் கூடியதால் வேகமாய் ஓடுகிறது. போட்டதும் கரகரவென்று தொடங்கிச் சில நிமிடத்தில் அடங்கினால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. சீரான இடைவெளியில் டக், டக் என்று டிஸ்க்கிலிருந்து வந்தால் வேறு எதையும் பார்க்காமல் அணைத்துவிட்டு, தகவலைக் காப்பாற்றும் வேலையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மெல்லிய கீச்சொலி மின்சுருளிலிருந்து வருவது, கெடுதல் இல்லை. யுபிஎஸ்ஸுக்குள் அடிக்கடி டொக்கென்று கேட்டால் உள்ளே ரிலே மாறுகிறது: வோல்டேஜ் ஏறி இறங்குகிறது என்று பொருள். சந்தேகமான ஃபேனின் நடுக் குமிழைப் பென்சிலின் ரப்பர் முனையால் இரண்டு மூன்று நொடி மெதுவாகத் தொட்டு நிறுத்தினால், ஓசை நிற்கிறதா என்று பார்த்து உறுதிசெய்யலாம்.

இந்த இயந்திரத்தில் கேட்டது இரண்டு: சிபியு ஃபேனின் இரைச்சல், பின்பக்க ஃபேனின் கரகரப்பு. டிஸ்க் அமைதியாக இருந்தது. ஆனால் டிஸ்க்கின் அமைதியை மட்டும் வைத்து அது நலம் என்று முடிவுகட்டக் கூடாது. அதைப் பின்னால் சொல்கிறோம். அறை வெப்பம் 33 டிகிரி. கோர் டெம்ப் மென்பொருளில் சும்மா இருக்கும்போது 58, பத்து நிமிடம் சுமை கொடுத்தபின் 96 டிகிரி. இந்தப் பிராசசருக்கு உள்வெப்ப எல்லை 100. அதை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வீடியோ அழைப்பில் படம் திக்கியது அங்கேதான்.

எர்த்

கேபினெட்டைத் தொட்டால் இழுக்கிறது என்றால் கழற்றும் வேலைக்கு முன் பிளக்கைப் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை ஏசி 600 அல்லது 750 வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுக்கலாம்: ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். நல்ல இணைப்பில் முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவும், மூன்றாவது 2 அல்லது 3 வோல்ட்டுக்குள்ளும் இருக்கும். இங்கே ஃபேஸ்–நியூட்ரல் 226. மற்ற இரண்டும் அதில் பாதியைச் சுற்றியே நின்றன. எர்த் கம்பி எங்கும் சேரவில்லை என்பதற்கு இதுவே அடையாளம். கணினிக்கு மின்சாரம் மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு ஒவ்வொரு சிறு கப்பாசிட்டர் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவை இரண்டும் சேர்ந்து கேபினெட்டைப் பாதி வோல்டேஜில் நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால்தான் ஜிவ்வென்று இழுப்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே வேறு கோளாறு வந்தால் அதைத் தாங்க எர்த் இல்லை என்பதுதான் பயப்பட வேண்டியது.

மரச்சட்டத்தில் ஓடும் பழைய இரண்டு கம்பி வயரிங்கில் மூன்று பின் சாக்கெட்டை மட்டும் மாற்றி மாட்டியிருப்பார்கள். மூன்றாவது துளை வெறும் அலங்காரம். எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டின் எர்த்திலிருந்து 1.5 சதுர மி.மீ. பச்சை வயர் இழுத்துச் சேர்த்த பிறகு நியூட்ரல்–எர்த் 1.4 வோல்ட்டுக்கு இறங்கியது, இழுப்பு நின்றது. மெயின் எர்த் குழியையும் மறக்கக் கூடாது. இங்குள்ள சரளை கலந்த செம்மண் கோடையில் வறண்டால் மின்தடை ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்றினால் போதும். இந்த அளவெடுக்கும் வேலை பழக்கமில்லாதவர் எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடலாம். இங்கும் காதில் எதுவும் ஓடக் கூடாது.

கழற்றி ஊதுவது

இனி பேச்சு ஓடலாம், ஊதும் நேரம் தவிர. பிளக்கை உருவிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஒயர்களைக் கழற்றும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்வது பத்து நிமிடத் தேடலை மிச்சப்படுத்தும். முன்பக்கப் பவர், ரீசெட் ஒயர்கள் எந்தப் பின்னில் இருந்தன என்பது கட்டாயம் படத்தில் தெரிய வேண்டும்.

ஊதும் இடம் வெளியே: பின்கட்டு வாசலோ, கொல்லையோ. வளவில் ஊதினால் புழுதி நாலு பத்தியிலும் இறங்கும். 500 வாட் கை ப்ளோயர் போதும். அதை முதலில் வெறும் காற்றில் சில நொடி ஓட்டி அதன் உள்ளே இருக்கும் பழைய புழுதியை வெளியேற்றிவிட வேண்டும். ஓர் அடி தூரத்தில் பிடித்து, காற்று வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக ஊத வேண்டும். ஒரே திசையில் ஊதினால் அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். காற்றில் தாறுமாறாய்ச் சுழன்றால் பேரிங் கெடும். வீடு கூட்டும் வேக்யூம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கு நிலைமின்சாரம் சேர்க்கும். அதை மதர்போர்டு பக்கம் கொண்டுபோகக் கூடாது. ப்ளோயர் ஓடும்போது பாட்காஸ்ட்டை நிறுத்தி வைக்க வேண்டும். அந்தச் சத்தத்தைத் தாண்டிப் பேச்சு கேட்க ஒலியைக் கூட்டினால் காதுக்கு நேரடிக் கேடு.

ஊதியும் போகாத எண்ணெய்ப் படலத்துக்கு ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும். நனைத்துத் தேய்த்து, மறுபடி ஊதி, இருபது நிமிடம் நிழலில் காயவிடலாம். இதுதான் வேலையிலேயே நீளமானது, கேட்பதற்கும் மிகவும் ஏற்றது. தண்ணீரும் சோப்பும் கழற்றி எடுத்த பிளாஸ்டிக் முகப்புக்கு மட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கை உருவிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும். வெளியிலிருந்து வலை வழியாக ஊதினால் போதும்.

பின்பக்கம் குளவி மண்கூடு கட்டியிருந்தது, பயன்படாத போர்ட் ஒன்றிலும் விரிவாக்கத் துளை ஒன்றிலும். நீண்ட நாள் பூட்டிய வீட்டில் இது வழக்கம். மண்ணை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, திறந்து கிடந்த துளைக்கு உலோக மூடி போட்டாயிற்று. எறும்பு சாக்பீஸை மேசைக் காலைச் சுற்றிப் போடலாம். கேபினெட்டுக்குள் கோடு போட்டால் அந்தப் பொடியையும் ஃபேன் இழுத்துச் சுற்றும். கேபினெட் தரையில் இருந்ததால்தான் இவ்வளவு சேர்ந்தது. ஆத்தங்குடித் தரையைத் துடைக்கும் ஈரமும் பெருக்கும் புழுதியும் நேரே உள்ளே போகின்றன. ஓர் அடி உயர மணைக்கு மாற்றி, சுவரிலிருந்து அரை அடி தள்ளி, வளவின் சாரல் எட்டாத மூலையில் வைத்தால் அடுத்த முறை இந்த வேலையில் பாதி குறையும்.

கரகரத்த பின்பக்க ஃபேனுக்கு, நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு வழிந்து ஸ்டிக்கரின் ஒட்டும் தன்மையைக் கெடுக்கும். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இங்கே உண்டு, அது தவறு. 24 டிகிரியைச் சுற்றி அது உறையத் தொடங்கும், மார்கழி விடியலில் ஃபேன் சுற்றவே திணறும்; நாளடைவில் பிசினாகவும் ஆகும். எண்ணெய் விட்டும் கரகரப்பு ஒரு வாரத்தில் திரும்பினால் ஃபேனையே மாற்ற வேண்டியதுதான்.

பேஸ்ட்

காதில் இருப்பதை எடுத்துவிட வேண்டிய கட்டம். ஹீட் சிங்க்கின் நாலு மூலைக் குமிழ்களையும் அதில் போட்டிருக்கும் அம்புக்குறித் திசையில் கால் திருப்பு திருப்பி, மேலே இழுத்தால் விடுபடும். பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்தால் நேராகத் தூக்கக் கூடாது. கணினியைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றினால் இளகும். பிறகு இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்கலாம். பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் நனைத்த கண்ணாடி துடைக்கும் துணியால் இரு பக்கமும் துடைத்து, உலோகம் பளிச்சென்று தெரிய வேண்டும். நூல் பிரியும் பழைய வேட்டித் துணி வேண்டாம். ஒரு நூல் இடையில் நின்றாலும் அந்த இடத்தில் காற்று நிற்கும்.

புது பேஸ்ட் நடுவில் ஒரு பச்சைப் பட்டாணி அளவு. விரலால் பரப்பத் தேவையில்லை, ஹீட் சிங்க்கின் அழுத்தமே பரப்பிவிடும். நிறைய வைத்தால் நல்லது என்று அப்பினால் தடித்த அடுக்காகி வெப்பம் கடப்பது குறையும், ஓரத்தில் வழியும். குமிழ்களை அம்புக்கு எதிர்த்திசையில் திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். இங்கேதான் காது வேண்டும்: ஒவ்வொரு மூலையும் க்ளிக் என்று சொல்லும். நாலு க்ளிக் கேட்காவிட்டால் ஒரு மூலை உட்காரவில்லை. மதர்போர்டின் பின்பக்கம் வெள்ளைப் பிளவுக்கால் நான்கும் கருப்பு முள்ளோடு முழுதாய் வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்துவிடலாம். சுமை கொடுத்த சில நொடியிலேயே வெப்பம் 90ஐத் தாண்டினால் பெரும்பாலும் காரணம் இந்த ஒரு மூலைதான்.

இந்த வேலைக்குப் பிறகு, அதே 33 டிகிரி அறையில், சும்மா இருக்கும்போது 42, பத்து நிமிடச் சுமையில் 69.

ராமைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பது கடைகளில் வழக்கம். தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதை உராய்ந்து எடுக்கும். ரப்பர்த் துகள் துளைக்குள் தங்கும். ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடைப்பதே போதும்.

தேதியும் இரண்டு பேட்டரிகளும்

மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரி புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். இங்கே 2.3 இருந்தது. 2.7க்குக் கீழ் போனால் மாற்றிவிட வேண்டும். கணினி அணைந்திருந்தாலும் பிளக்கில் மின்சாரம் வந்துகொண்டிருந்தால் கடிகாரம் அதிலிருந்தே ஓடும். பேட்டரிக்கு வேலை குறைவு. மெயினை அணைத்துப் பூட்டிய வீட்டில் முழுச் சுமையும் இந்தச் சிறு பேட்டரியின் மேல். தினமும் புழங்கும் வீட்டைவிட இங்கே சீக்கிரம் தீர்வதற்குக் காரணம் அதுதான்.

தேதி பின்னால் போனால் இணையதளம் ஏன் திறக்காது என்று பலருக்கும் குழப்பம். பாதுகாப்பு இணைப்புக்கான சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடியும் தேதியும் உண்டு. கணினியின் தேதி அந்த எல்லைக்கு வெளியே நின்றால் பிரவுசர் மறுத்துவிடும். அதே காரணத்தால்தான் கணினியில் பாட்காஸ்ட் ஓடைகளும் புதுப்பிக்காமல் நின்றிருந்தன. பேட்டரியை மாற்றி, கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் தேதியையும், டிஸ்க்கோடு பேசும் முறையை ஏஎச்சிஐ என்றும் சரிசெய்ததும் இரண்டும் தீர்ந்தன.

யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்–மணி அடைபட்ட ஈய-அமில பேட்டரி. 151 × 65 × 94 மி.மீ., இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். முழுதாய் ஏறியது ஓய்வில் 12.7க்கு மேல் காட்டும். 12க்கு வந்தால் ஏறத்தாழக் காலி. இதில் 9.4. பயன்படுத்தாவிட்டாலும் இந்த வகை பேட்டரி 25 டிகிரியில் மாதம் 3 சதவீதம் அளவில் தானே இறங்கும், வெப்பம் கூடக் கூட வேகமாக. இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. காரைக்குடியில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பேட்டரிகளை ஆராயும் இடம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தது அதற்குத்தான். அந்த ஆய்வகம் இருக்கும் ஊரைச் சுற்றியே வீட்டுக்கு வீடு யுபிஎஸ் பேட்டரி பூட்டிய கதவுக்குள் இப்படிச் சாவது வருத்தமான விஷயம். வீட்டைப் பூட்டும்போது சிவப்பு ஒயரை உருவி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஆளிடம் எட்டு மணி நேரம் சார்ஜ் போடச் சொன்னால் இரண்டு மூன்று ஆண்டு ஓடும்.

புது பேட்டரியில் சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு. கடைசி ஒயர் சேரும்போது சிறு பொறி வருவது இயல்பு. மாற்றிக் கொடுத்தால் யுபிஎஸ் போர்டு எரியும். எட்டு மணி நேரம் ஏறிய பிறகே சோதிக்க வேண்டும். கணினியும் மானிட்டரும் சேர்ந்து 100 வாட் அளவில் இழுத்தால் 15 நிமிடம் நிற்பது நல்ல கணக்கு. லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் கடையில் கொடுத்தால் எடைக்குக் கழித்துக்கொள்வார்கள்.

டிஸ்க், நீளமான காத்திருப்பு

டிஸ்க்கின் நலம் காட்டும் மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்க்க வேண்டிய வரிகள் நாலே நாலு. 05 மாற்றி ஒதுக்கிய செக்டர் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு பகுதி), சி5 படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை, சி6 திருத்த முடியாதவை, சி7 கேபிளில் வந்த பிழை. சி7 மட்டும் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றினால் தீரும். இந்த டிஸ்க்கில் 05இல் 24, சி5இல் 16. ஓசை இல்லாமலே தேய்ந்துகொண்டிருந்த டிஸ்க் இது.

முதலில் குடும்பப் படங்களையும் கணக்குக் கோப்புகளையும் வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் முழு டிஸ்க்கின் நகல், குளோன்ஜில்லா வைத்து. பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத டிஸ்க்) வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு: 480 ஜிபி விலை சற்றுக் குறைவு, ஆனால் 500 ஜிபி ஹார்டு டிஸ்க்கை அப்படியே அதில் ஏற்ற குளோன்ஜில்லா மறுக்கும்; போகிற இடம் சிறியது. பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) சுருக்கி, மேல்நிலை விருப்பங்களைத் தொட்டுச் செய்யலாம். ஆனால் நோயுள்ள டிஸ்க்கில் பார்ட்டிஷன் சுருக்குவது ஆபத்து. 500 அல்லது 512 ஜிபி என்று எழுதியதையே வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சி5இல் எண் இருப்பதால் ‘ரெஸ்க்யூ’ விருப்பத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் கெட்ட செக்டரிலேயே நின்றுவிடும். எதிலிருந்து எதற்கு என்பதை டிஸ்க்கின் மாடல் எண் பார்த்து இரண்டு முறை உறுதிசெய்யும்வரை பாட்காஸ்ட் நிறுத்தத்தில் இருக்கட்டும். தலைகீழாய்க் கொடுத்தால் காலி எஸ்எஸ்டி பழைய படங்களின் மேல் எழுதிவிடும்.

நகல் தொடங்கிய பிறகு மணிக்கணக்கில் செய்வதற்கு ஒன்றுமில்லை. நலமான டிஸ்க்கில் 140 ஜிபி முக்கால் மணி நேரத்தில் முடியும். கெட்ட செக்டர் உள்ளதில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. திரை முன் உட்கார்ந்தால் போனில் காணொளி பார்க்கத் தோன்றும், கண் அங்கேயே ஒட்டிவிடும். பாட்காஸ்ட் கேட்டால் கீபோர்டின் பட்டன்களைக் கழற்றித் துடைக்கலாம், ஒயர்களைக் கட்டலாம், மானிட்டரின் பின்வலையைப் பிரஷ்ஷால் தட்டலாம். நடுநடுவே திரையையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

எந்த வேலைக்கு எந்தப் பேச்சு என்பதிலும் பொருத்தம் உண்டு. பிரஷ் போடும்போதும் துடைக்கும்போதும் இரண்டு மூன்று பேர் உரையாடும் நிகழ்ச்சி நன்றாக ஓடும். நாலு வாக்கியம் தவறினாலும் இழை அறுவதில்லை. தொடர்கதை, வழக்கு விவரம், அறிவியல் விளக்கம் இவற்றில் ஒரு வரி தப்பினால் பின்னால் போக வேண்டும், கை அழுக்கு. அவற்றை இந்தக் காத்திருப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வேகம் 1.2க்கு மேல் போனால் தமிழ்ப் பேச்சில் இடைவெளியும் ஏற்ற இறக்கமும் போய்விடுகின்றன. சாதாரண வேகமே சுகம். கணினி பற்றிய செய்முறை விளக்கத்தை இன்னொரு கணினியில் கை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. அதில் சொல்லும் மாடலின் படி நம் கை ஓடும்.

மணிக்கணக்கில் பேச்சுக் கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழா மேடைகளில் ஒரு பாட்டுக்கு மணி நேர உரை கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. வீட்டு வேலை ஓட ஓட ஒரு மூலையில் இலங்கை வானொலி ஒலித்த தலைமுறையும் இங்கே உண்டு. வானொலியில் நேரம் அவர்களுடையது; வேலையை நாம் அதற்கு ஒட்டி வைத்தோம். பாட்காஸ்ட்டில் வேலை முன்னால் போகிறது, பேச்சு நின்று காத்திருந்து மறுபடி சேர்ந்துகொள்கிறது. நாலு க்ளிக் கேட்க வேண்டிய நேரத்தில் நிறுத்திவிட்டு, துணி எடுத்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர முடிகிறதே, பராமரிப்பு வேலைக்கு அது பொருந்துவதன் காரணம் அதுதான்.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் முதல் முறை எஸ்எஸ்டியில் போட வேண்டும். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு இருப்பதால் விண்டோஸ் குழம்பும்.

மென்பொருள் பக்கம் சுருக்கமே. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாதவற்றை அணைத்து, டிஸ்க் கிளீனப் ஓட்டி, விண்டோஸின் கெட்ட கோப்புகளைச் சரிசெய்ய டிஐஎஸ்எம் கட்டளைக்குப் பிறகு எஸ்எஃப்சி கட்டளை. இந்த வரிசையில், ஏனென்றால் எஸ்எஃப்சி எடுக்கும் மூலக் கோப்பை டிஐஎஸ்எம்தான் சீராக்குகிறது. எஸ்எஸ்டியை டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை அடுக்குவது) செய்யக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இந்த ஆறாம் தலைமுறைப் பிராசசர் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. வீடியோ அழைப்புக்கும் கணக்குக்கும் லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் அமைத்துக்கொள்ளலாம்.

பூட்டிப் போகும் நாளில்

கணினி, மானிட்டர், ரவுட்டர் மூன்றின் பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து உருவ வேண்டும். சுவிட்சை அணைப்பது இடிக்குப் போதாது. ஃபைபர் கண்ணாடி மின்சாரம் கடத்தாது, ஆனால் அதன் அடாப்டரும் லேன் கேபிளும் கடத்தும். லேன் கேபிளையும் கழற்றி வைக்கலாம். ஆவணி, புரட்டாசி மாலை இடிமழையில் போகும் போர்டுகளில் பல இந்த வழியாகத்தான் போகின்றன.

படங்களின் ஒரே பிரதியை எஸ்எஸ்டியில் விட்டுப் பூட்டக் கூடாது. எழுதும் ஆயுள் முடிந்த நிலையில் உள்ள எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதே வீட்டுப் பயன்பாட்டு வகைக்கு மின்னணுத் தர அமைப்பான ஜெடெக் வைத்த வரையறை. வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும், மூடிய அறையோ 30க்கு மேல் கொதிக்கும். புதிய எஸ்எஸ்டிக்கு இவ்வளவு அவசரம் இல்லை என்றாலும், இரண்டாவது பிரதி வெளி ஹார்டு டிஸ்க்கில், வேறு ஊரில் இருக்கட்டும்.

யுபிஎஸ்ஸின் சிவப்பு ஒயரை உருவி முனையில் டேப் சுற்றி, பேட்டரி வாங்கிய மாதத்தையும் சிஆர்2032 மாற்றிய மாதத்தையும் கேபினெட்டின் உள்தகட்டில் மார்க்கரால் எழுதிவிட வேண்டும். கேபினெட்டைப் பழைய பருத்திப் புடவையால் மூடலாம். பிளாஸ்டிக் உறை ஐப்பசி ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். திரும்பத் திறக்கும் நாளில் முதலில் உறையை எடுத்து, குளவிக்கூடு பார்த்து, பிளக்கில் வோல்டேஜ் அளந்து, பிறகே சுவிட்ச்.